மார்புக்குக் கீழே ஒரு ஜெனரேட்டர்

ஜனவரி 9, வியாழன்

வீடு வந்து சேர்ந்தோம். எட்டு மாதம் கழித்து என் அடுப்பைப் பார்க்கிறேன். அத்தை, என் மாமியார், அதைத் தன் இஷ்டத்துக்கு வடக்குப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறார். இருக்கட்டும், முதல் நாளே சண்டை வேண்டாம்.

தினமும் எழுதச் சொல்லி அனுப்பியிருக்கிறார் டாக்டர் மெர்லின். வீட்டுக்காரர் எவ்வளவு தண்ணீர் குடித்தார், டியூபில் எவ்வளவு சிறுநீர் இறங்கியது, வெளிக்குப் போனாரா, பிரஷர் எவ்வளவு. அவ்வளவுதான் அவர் கேட்டது. எனக்குப் பேனாவும் வாய் மாதிரிதான், ஆரம்பித்தால் நிற்காது. அதனால் மற்றதும் இதிலேயே வரும்.

என் வீட்டுக்காரர் தண்டபாணி, சவுண்டு சர்வீஸ்காரர். போன வருஷம் மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்கு அம்மன் கட்அவுட்டில் சீரியல் லைட் கட்ட ஏறியவர், சாரத்தோடு சரிந்து விழுந்தார். முதுகுத்தண்டு மார்பு உயரத்தில் முறிந்துபோனது. கை இரண்டும் நன்றாக இருக்கின்றன, வாய் அதைவிட நன்றாக இருக்கிறது. மார்புக்குக் கீழே கிள்ளினாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது.

கிளம்பும்போது டாக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்துப் பாடம் நடத்தினார். "இதயத்தப் பாத்து அடின்னு யாராவது உத்தரவு போடறோமா? வெயில்ல போனா வேர்த்துக்கோன்னு தோலுக்குச் சொல்றோமா? குடல், மூத்திரப்பை, ரத்தக்குழாய் எல்லாம் நம்மளக் கேக்காம தானா நடக்குது. அதுக்குன்னே தனி நரம்பு இருக்கு. ஒண்ணு வேகத்தக் கூட்டும், இன்னொண்ணு குறைக்கும். இவருக்குக் கீழ ஏதாவது உறுத்துச்சுன்னா வலி தெரியாது. ஆனா அந்த நரம்புக்குத் தெரியும். அது பயந்துபோய் ரத்தக்குழாயெல்லாம் சுருக்கிரும், பிரஷர் எகிறும். மூளை 'போதும், நிறுத்து'ன்னு கத்தும். அந்தச் சேதி முறிஞ்ச எடத்தத் தாண்டிக் கீழ இறங்காது."

அவர் உடனே, "வெளங்கிருச்சுங்க டாக்டர். மெயின் லைன் கட்டு. கீழ ஒரு ஜெனரேட்டர் அது பாட்டுக்கு ஓடுது. ஆஃப் பண்ற சுவிட்சு மட்டும் மேல இருக்குது" என்றார். டாக்டர் சிரித்துவிட்டார். பிறகு சிரிக்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்: மண்டை பிளக்கும் தலைவலி, சிவந்த முகம், கழுத்துக்கு மேல் வேர்வை, மூக்கடைப்பு. இது வந்தால் உடனே நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும், துணியைத் தளர்த்த வேண்டும், கீழே என்ன உறுத்துகிறது என்று தேட வேண்டும். எடுத்துவிட்டால் தானாக இறங்கும். எடுக்காவிட்டால் மூளையில் ரத்தக்குழாய் வெடிக்கலாம்.

வேகத்தைக் கூட்டுகிற அந்த நரம்புக்குப் பரிவு நரம்பு என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் பெயராம். பரிவாம்! பேர் வைத்தவரை ஒருநாள் எங்கள் வீட்டில் தங்க வைக்க வேண்டும்.

வேனில் வரும்போது அவர் சொன்னார்: "வர்ற நோம்பிக்கு சேர்ல உக்காந்துட்டு நாந்தான் மைக் செட்டு ஓட்டுவேன். கோயில்ல கம்பம் நடறதுக்குள்ள என்னைய ரெடி பண்ணிப்போடு அம்மிணி." சரி என்றேன். சக்கர நாற்காலிக்காக வாசற்படியில் பலகை போட்டாயிற்று.

பிரஷர் தொண்ணூறுக்கு அறுபது. இவருக்கு இனி இதுதான் சரியான அளவாம்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். மாட்டுக்கும் ஆம்பிளைக்கும் புதுக்கயிறு மாற்றுகிற பண்டிகை. எங்களுக்கு மாடு இல்லை.

அத்தை சந்தையிலிருந்து கறுப்பு அருணாக்கயிறு வாங்கி வந்திருந்தார். போன வருஷம் ஆபரேஷனுக்கு முன்னால், இவர் இடுப்பில் கிடந்த கயிற்றை நர்ஸ் கத்தரித்து ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு என் கையில் கொடுத்தார். பக்கத்துக் கட்டில் நோயாளிக்குத் துணையிருந்த அம்மாள் எட்டிப் பார்த்து, "உசுரு போனாத்தானுங்க அத அறுப்பாங்க, இங்க என்ன எடுத்ததும் அறுக்கறாங்க?" என்றாள். நல்ல வாய்! எட்டு மாதமும் இவரைத் துடைத்துவிடும்போதெல்லாம் அந்த வெறும் இடுப்பின் மேல் துண்டைப் போட்டு மூடிவிடுவேன். ஏன் என்று யாரிடமும் சொன்னதில்லை.

அத்தை கட்டப் போனார். "நான் கட்டறனுங்க அத்தை" என்று வாங்கிக்கொண்டேன். ஆஸ்பத்திரிச் சாப்பாட்டில் இடுப்பு பாதியாகிவிட்டது. நழுவிவிடக் கூடாதே என்று இழுத்து, இரண்டு சுற்றுச் சுற்றி, மூன்று முடிச்சுப் போட்டேன்.

"என்ன அம்மிணி, தாலி கட்டறயாட்ட இருக்குது?" என்றார்.

"ஆமா, நீங்க ஓடிப்போயிரக் கூடாதுல்ல" என்றேன். அப்புறம்தான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. இரண்டு பேரும் சிரித்தோம். நான் அழவும் செய்தேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்றைக்குத்தான் அவர் வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கிறது.

ஜனவரி 15, புதன்

சொந்தக்காரர்கள் ஒறம்பரை வந்து போனார்கள். எல்லோரும் அவரைப் பார்த்து அழுதுவிட்டு, நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். பாத்திரம் இன்னும் கிடக்கிறது.

ஜனவரி 27, திங்கள்

வந்துவிட்டது.

காலையில் படுக்கையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், "ரேணுகா, தலை வெடிக்குது" என்றார். பார்த்தால் முகம் பழுத்த தக்காளி, நெற்றியில் வேர்வை ஊற்றுகிறது. மார்புக்குக் கீழே தொட்டால் ஜில்லென்று, மயிர்க்கூச்செறிந்து கிடக்கிறது. ஒரே உடம்பில் பாதி சித்திரை, பாதி மார்கழி. நிமிர்த்தி உட்கார வைத்தேன், லுங்கியை அவிழ்த்தேன், டியூபைக் கையால் தடவிக்கொண்டே போனேன். தொடைக்கு அடியில் மடங்கிக் கிடந்தது. மடிப்பை எடுத்துவிட்டதும் சடசடவென்று சிறுநீர் பையில் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் முகம் தெளிந்துவிட்டது.

"பாத்தயா, ஜெனரேட்டர் ஓடுனது எனக்கே தெரியல" என்றார்.

எனக்கு மட்டும் சாயங்காலம் வரை நெஞ்சு திக்திக்கென்று அடித்தது. வெயில்தான் காரணமாக இருக்கும்.

பிப்ரவரி 6, வியாழன்

மறுபடி. இந்த முறை மலச்சிக்கல். கையுறை போட்டு எடுத்துவிட்டதும் இறங்கியது. இதையெல்லாம் எழுத வேண்டுமா என்று நினைத்தேன். டாக்டர் எழுதத்தான் சொன்னார்.

டாக்டரிடம் போனில் சொன்னேன். "வெரி குட் ரேணுகாதேவி, நீங்க நர்ஸ் வேலைக்கே வரலாம்" என்றார். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறித்தான் போனது. போலீஸ் நாய் மாதிரி என்ன என்றாலும் மோப்பம் பிடித்துவிடுவேன் என்று வீட்டுக்காரரிடம் பீற்றிக்கொண்டேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

அத்தை வேலாத்தாளுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் சோறு. கம்பங்களி, நாட்டுக்கோழி, எள்ளுருண்டை, ராத்திரிக்கு நெய் விட்ட பருப்புச் சாதம். "என்ற பையன் எலும்புந் தோலுமா வந்தான், இப்பப் பாரு" என்று தெருவில் சொல்லிக்கொண்டு திரிகிறார். உண்மைதான். கன்னம் உப்பியிருக்கிறது, வயிறு பானை மாதிரி முன்னால் வந்துவிட்டது. வயிற்றுச் சதையைத் தாங்குகிற நரம்பு வேலை செய்யாததால் இவர்களுக்கு அப்படித்தான் தொங்கும் என்று ஆஸ்பத்திரியிலேயே சொன்னார்கள். பழைய சட்டை ஒன்றும் பத்தவில்லை.

நாற்காலியில் ரொம்ப நேரம் உட்காருகிறார். ஆம்ப்ளிஃபயரைத் தூசி தட்டி, பிரித்துப் போட்டு, திரும்ப மாட்டினார். வீடு முழுக்க 'ஹலோ, மைக் டெஸ்டிங்'. அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

பிப்ரவரி 24, திங்கள்

மத்தியானம் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டு முடித்தவர், "மூக்கடைச்சுக்குது, ஜலதோசமாட்ட" என்றார். சொல்லி வாய் மூடவில்லை, தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பிரஷர் நூற்று எழுபது.

டியூபைப் பார்த்தேன், சரியாக இருக்கிறது. பை நிரம்பவில்லை. காலையில்தான் வெளிக்குப் போனார். முதுகில், குதிகாலில் புண் இல்லை. கால் நகம் சதையில் ஏறவில்லை. லுங்கியை அவிழ்த்து எறிந்தேன், சிறுநீர்ப் பையைக் காலோடு கட்டியிருந்த வாரைக் கழற்றினேன், சாக்ஸைக் கழற்றினேன். வேர்வை நிற்கவில்லை. டாக்டருக்குப் போன் போட்டேன்.

"உடம்பு மேல இறுக்கமா ஏதாவது இருக்கா பாருங்க."

"ஒட்டுத் துணி இல்லைங்க டாக்டர். பொறந்த மேனியாத்தான் இருக்கறாரு."

என்ன செய்வது என்று தெரியாமல் அத்தையும் நானும் தூக்கிக் கட்டிலில் போட்டோம். படுக்க வைக்கக் கூடாது என்பது பாடம். ஆனால் படுத்ததும் மெல்ல மெல்லக் குறைந்தது. ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

மார்ச் 3, திங்கள்

நேற்றும் இன்றும் அதே மாதிரி. சாப்பிட்டு உட்கார்ந்தால் வருகிறது, படுத்தால் குறைகிறது. நூற்று எண்பது காட்டியது.

மிஷின் மேல் எனக்குச் சந்தேகம். என் கையில் மாட்டிப் பார்த்தேன். நூற்று அறுபத்திரண்டுக்கு நூறு என்றது. எனக்கு ஏது பிரஷர்? கழுதை மாதிரி வேலை செய்கிறேன். தூக்கம்தான் கொஞ்சம் குறைவு, அப்புறம் சோறு தொண்டையில் இறங்க மாட்டேன் என்கிறது, உள்ளங்கை எந்நேரமும் ஈரமாக இருக்கிறது. அதெல்லாம் ஒரு வியாதியா? மிஷினைத் தூக்கிக்கொண்டு மருந்துக்கடைக்குப் போய்ச் சண்டை போட்டேன். கடைக்காரர் தன் கையில் மாட்டி, "நூத்திப் பதினெட்டுங்க்கா, கரெக்டாத்தான் காட்டுது" என்றார். கடையில் மட்டும் ஒழுங்காக வேலை செய்கிறது, சனியன்.

மார்ச் 7, வெள்ளி

பக்கத்து ஊர் கிளினிக்கிலிருந்து ஒரு டாக்டரைக் கூட்டி வந்தோம். நூற்று அறுபது எல்லாம் சாதாரணம், டென்ஷன்தான், நன்றாகப் படுத்து ஓய்வெடுக்கட்டும் என்றார். இவருக்கு வழக்கமே தொண்ணூறுங்க என்றேன். அவர் காதில் விழவில்லை.

மார்ச் 12, புதன்

அத்தை தீர்ப்புச் சொல்லிவிட்டார். நாற்காலிதான் ராசியில்லாதது.

"அதுல யாரு உக்காந்து செத்தாங்களோ, நமக்கென்ன தெரியும்? உக்காந்தா வருது, படுத்தாப் போவுது. சின்னப் புள்ளைக்குக்கூட வெளங்கும். என்ற பையன் படுத்தே இருந்தாலும் எனக்குப் போதும். உசுரோட இருந்தாச் சரி."

புத்தம் புதிய நாற்காலி, அட்டை பிரித்தது நான்தான் என்று எவ்வளவோ சொன்னேன். ஒரு கட்டத்துக்கு மேல் எனக்கும் வாய் ஓய்ந்துபோனது. உட்கார வைக்கும்போதெல்லாம் அவர் முகம் சிவக்கிறதா என்று பார்த்துக்கொண்டே நிற்கிறேன். அத்தை நாற்காலியைக் கொல்லைப்புறம் பொடக்காலிக்குத் தள்ளிக்கொண்டு போய்ச் சாக்குப் போட்டு மூடினார். நான் தடுக்கவில்லை.

அவர் கட்டிலில் படுத்தபடி சக்கரம் உருளும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மார்ச் 16, ஞாயிறு

நாற்காலியில் கோழி முட்டை வைத்திருக்கிறது.

மார்ச் 18, செவ்வாய்

அவர் பேசுவதை நிறுத்திவிட்டார். கேட்டதற்கு ம், ம்ஹூம். இந்த வருஷ நோம்பிக்கு வேறு ஊர் சவுண்டு செட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டதாகக் கோயில்காரர்கள் வந்து பதமாகச் சொன்னார்கள். "நல்லதுங்க" என்று கும்பிட்டார். அவர்கள் போனதும் ஆம்ப்ளிஃபயரைப் போர்வையால் மூடச் சொன்னார்.

"படுத்தே கெடக்கறதுக்கு அன்னிக்கே சாரத்தோட போயிருக்கலாம்" என்றார்.

நான் கையிலிருந்த கண்ணாடி டம்ளரைச் சுவரில் அடித்தேன். இத்தனை மாதம் உங்களுக்காகப் பீ மூத்திரம் அள்ளினது இதைக் கேட்கத்தானா என்று கத்தினேன். பிறகு நானே சில்லுப் பொறுக்கிக் கூட்டினேன். நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

மார்ச் 21, வெள்ளி

டாக்டர் மெர்லினிடம் முழுக்கச் சொன்னேன். படுக்க வைத்தால் குறைகிறது என்பது அவருக்கும் புரியவில்லை. "அடுத்த வெள்ளிக்கெழம கூட்டிட்டு வாங்க, ஸ்கேன் எடுத்துப் பாத்துரலாம். ரேணுகாதேவி, இதச் சும்மா விடாதீங்க. ஒருநாள் எறங்காமப் போயிரும்" என்றார்.

வேனில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து போக வேண்டும். உட்காரப் பழக்க வேண்டும். கோழியை விரட்டி நாற்காலியைக் கழுவினேன். அத்தை என்னிடம் பேசுவதில்லை.

மார்ச் 26, புதன்

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுத முடிகிறதா பார்க்கிறேன்.

மத்தியானம் சாப்பாடு கொடுத்து நாற்காலியில் உட்கார வைத்தேன். அத்தை விருட்டென்று கோயிலுக்குக் கிளம்பிப் போனார். கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது, அவர் என் கையை எட்டிப் பிடித்தார். பேச வரவில்லை. கண் இரண்டும் ரத்தமாகச் சிவந்துவிட்டது, காதோரம் வேர்வை ஓடுகிறது. மிஷின் இருநூற்றுப் பதினான்கு காட்டியது. அந்த எண்ணை அதுவரை நான் பார்த்ததில்லை.

எல்லாம் தேடினேன். டியூப், பை, முதுகு, நகம். லுங்கி எப்போதோ போய்விட்டது. டாக்டரைப் போனில் ஸ்பீக்கரில் போட்டேன். "சாதாரணத் தலைவலி இல்ல இது, தேடுங்க, தேடுங்க" என்கிறார். படுக்க வைக்கத் தனியாக என்னால் தூக்க முடியவில்லை. கால் ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம் சரிகிறது. "யாராச்சும் வாங்களே" என்று கத்தினேன்.

அத்தைதான் ஓடி வந்தார். கையில் கோயிலில் மந்திரித்த புதுக்கயிறு. "பழசுக்குச் சக்தி போயிருச்சு, இதக் கட்டறேன் சாமி, இதக் கட்டறேன்" என்று அழுதுகொண்டே அவர் முன்னால் உட்கார்ந்து இடுப்பைத் தடவினார். தடவிக்கொண்டே இருந்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"பழசக் காணமே. அறுந்துபோச்சா?"

அறுந்து போகவில்லை. காலையில் குளிப்பாட்டும்போது அதன் மேல்தான் சோப்புப் போட்டேன். அதற்கு முந்தின நாளும் போட்டேன். தினமும் போட்டேன். கயிறு இருக்கிறது என்று தெரியும், அது என் கையில் தட்டுப்பட்டுக்கொண்டேதான் இருந்தது. ஆனால் அதை நான் ஒரு பொருளாகவே நினைத்ததில்லை. துணியில்லாத ஆம்பிளை என்றால் எனக்கு அருணாக்கயிறோடுதான். அவர் தோல் மாதிரி, மச்சம் மாதிரி அதுவும் அவர் உடம்புதான்.

வயிற்று மடிப்பைத் தூக்கினேன். உட்கார்ந்ததும் வயிறு சரிந்து கயிற்றை விழுங்கியிருந்தது. சதைக்குள் கருஞ்சிவப்பாக ஒரு வாய்க்கால். ஓரத்தில் தோல் புதிதாகக் கிழிந்து நீர் கசிகிறது. என் மூன்று முடிச்சும் அப்படியே இருந்தது.

"டாக்டர், கயிறு" என்றேன்.

"என்ன கயிறு?"

"அருணாக்கயிறுங்க டாக்டர், நான் கட்டுனது."

"அறுங்க! இப்பவே அறுங்க!" என்று போன் அலறியது.

பிளாஸ்திரி வெட்டுகிற கத்தரிக்கோலை எடுத்தேன். அத்தை இரண்டு கையாலும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "உசுரோட இருக்கறவனுக்கு அறுப்பியாடி? உன்ற கையாலயே அறுப்பியா? அவிழ்த்துடு அம்மிணி, அவிழ்த்துடு, அறுக்காத!" முடிச்சில் நகம் இறங்கவில்லை. நனைந்து நனைந்து கல்லாக இறுகிவிட்டது. அவ்வளவு நன்றாகக் கட்டியிருக்கிறேன்.

அவர் முகத்தைப் பார்த்தேன். வாய் ஒரு பக்கமாகக் கோணுகிற மாதிரி எனக்குத் தெரிந்தது. அத்தையின் கையை உதறினேன், அவர் சுவரோரம் போய் விழுந்தார். கத்தரியின் நுனியைச் சதைக்கும் கயிற்றுக்கும் நடுவில் நுழைத்தேன். ரத்தம் வந்தது. அவருக்கு வலிக்காது என்று தெரிந்தும் "வலிக்குதுங்களா, வலிக்குதுங்களா" என்று கேட்டுக்கொண்டே அறுத்தேன். மாரியாத்தா, இதை என்னிடமா கொடுத்தாய் என்று திட்டிக்கொண்டே அறுத்தேன்.

கயிறு துண்டாகிக் கீழே விழுந்ததும் அத்தை மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி எடுத்துவிட்டார். தெருவுக்கே கேட்டிருக்கும்.

நூற்றுத் தொண்ணூறு. நூற்று ஐம்பத்தைந்து. நூற்றிருபது. நான் மிஷினின் பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூக்கு திறந்து அவர் நீளமாக மூச்சு விட்டார். வேர்வை நின்றது.

அதற்குள் வாசல் நிறையச் சனம். எதிர்வீட்டு டிவியை நிறுத்திவிட்டார்கள். ஆம்பிளைகள் தோளில் துண்டோடு வந்து வாசலில் நின்றார்கள், இரண்டு பெண்கள் தலைவிரிகோலமாக அழுதுகொண்டே உள்ளே வந்து, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவரைப் பார்த்துவிட்டு அழுகையைப் பாதியில் விழுங்கினார்கள். நான் அவசரமாகத் துண்டை எடுத்து அவர் மேல் போட்டேன். வெளியே யாரோ ஒருவர், "எப்பங்க எடுக்கறாங்க?" என்று விசாரித்தது உள்ளே கேட்டது.

"இன்னிக்கு எடுக்கறதா இல்லைங்க" என்றார் என் வீட்டுக்காரர், கரகரத்த குரலில். "வந்ததுக்கு மோர் குடிச்சுட்டுப் போங்க."

எட்டு நாளில் அவர் பேசிய முதல் முழு வாக்கியம். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மோர் கரைத்துக் கொடுத்தது யார் என்று எனக்கு நினைவில்லை.

மார்ச் 27, வியாழன்

காலையில் மருந்து போட்டுவிடும்போது அவர் சொன்னார்:

"இறுக்குதுன்னு எனக்குத் தெரியும்."

"என்னது?"

"ஒரு மாசமா. சொறியறதுக்குக் கை கொண்டுபோனா வெரலு உள்ள போவல. சரி, வலிக்கவா போவுதுன்னு உட்டுட்டேன். பொங்கலன்னிக்கு நீ அதக் கட்டிப்போட்டு அழுதயே, அந்த மொகத்தப் பாத்துட்டு அறுத்துருன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வலிக்காத இடத்தை வைத்துக்கொண்டு தியாகம் செய்ய வந்துவிட்டார், பெரிய கர்ணன். உங்கள் மூளை வெடித்திருந்தால் நான் யார் முகத்தைப் பார்த்து அழுவது என்று கேட்டேன். நான் மருந்தை அப்பினேன். அவருக்கு வலிக்கவில்லை.

அத்தை நேற்றிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவிடவில்லை.

மார்ச் 28, வெள்ளி

கோவை போய் வந்தோம். போகும்போதும் வரும்போதும் நாற்காலியில், வேனில், உட்கார்ந்தே. ஒன்றும் வரவில்லை. ஸ்கேனில் மூளை சுத்தமாக இருக்கிறது.

டாக்டர் மெர்லின் தலையில் கை வைத்துக்கொண்டார். "துணின்னு கேட்டேன், பெல்ட்டுன்னு நெனச்சேன். கயிறான்னு கேக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல பாருங்க. எங்க அப்பாவும் கட்டியிருந்தவர்தான்." அப்புறம் என்னை உட்காரச் சொல்லி, அவருடைய மிஷினை என் கையில் மாட்டினார். நூற்று ஐம்பத்தெட்டு.

"உங்க நரம்பும் மூணு மாசமா கத்திட்டுத்தான் இருக்கு. உங்களுக்கு லைன் எதுவும் கட் ஆகல. நீங்கதான் கேக்கல" என்றார்.

மாத்திரை கொடுத்திருக்கிறார். மருந்துக்கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அது வேறு ஒரு வேலை.

ஏப்ரல் 2, புதன்

அத்தை சாப்பிட ஆரம்பித்துவிட்டார். என்னோடு பேசவில்லை. ஆனால் அடுப்பைப் பழையபடி கிழக்குப் பக்கம் திருப்பி வைத்துவிட்டார்.

ஏப்ரல் 9, புதன்

நோம்பி. வேறு ஊர்க்காரர்கள்தான் செட் போட்டிருக்கிறார்கள். இவர் காலையிலேயே நாற்காலியைத் தள்ளச் சொல்லி, பந்தலில் அவர்களுடைய மிக்சருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, "பேஸைக் கொறைங்க தம்பி, அம்மனுக்குக் காது வலிக்கப் போவுது" என்று அதிகாரம் பண்ணினார். கொஞ்ச நேரத்தில் அவர்கள் மைக்கையே கொடுத்துவிட்டார்கள்.

மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தபோது அத்தை எங்கள் முன்னால் வந்து நின்றார். கையில் அன்றைக்கு மந்திரித்து வந்த அதே கறுப்புக் கயிறு. அத்தை அதை என்னிடம் நீட்டினார். அந்த நாளுக்குப் பிறகு என்னிடம் அவர் பேசிய முதல் பேச்சு இது:

"இடுப்பு வேண்டாம் அம்மிணி. கையில கட்டு. அங்கன்னா அவனே சொல்லுவான்."

வாங்கிக்கொண்டேன். வீட்டுக்காரர் வலது கையை நீட்டினார். ஒரு சுற்று, என் விரல் இரண்டு நுழைகிற அளவுக்குத் தளர்த்தி, ஒரே ஒரு முடிச்சு. முடிச்சை இழுத்ததும் அவர் புருவத்தைச் சுருக்கினார். முடிச்சிலிருந்து கையை எடுத்தேன்.

"என்னங்க?"

மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தானாகத் தெரிகிற ஒரு விஷயத்தை ரொம்ப நாள் கழித்துச் சந்தித்தவர் மாதிரி அவருக்குச் சிரிப்பு வந்தது.

"கொஞ்சம் இறுக்குது அம்மிணி" என்றார்.

அவிழ்த்து, தளர்த்தி, திரும்பக் கட்டினேன்.